பாதிப் பாலத்தை உடைத்துவிட்டு ரிப்பன் கட்டினால் போதுமா? சாலை வேலை நடக்கும் இடத்தில் என்னதான் இருக்க வேண்டும்?

வெள்ளாற்றங்கரை | திங்கள், இரவு 9.50

நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் இருந்து டவுனுக்குப் போகும் சாலையை அகலப்படுத்துகிறார்கள். வழியில் ஒரு சிறுபாலம். அதன் இடது பாதியை உடைத்துப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு என் மச்சான் கடையை அடைத்துவிட்டு பைக்கில் வந்திருக்கிறார். அந்தப் பக்கம் தெருவிளக்கு கிடையாது. எதிரில் ஒரு லாரி ஹை பீம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. கண் கூசவே, ஓரம் கட்டலாம் என்று இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறார். ஒதுங்கின இடம்தான் பள்ளம்.

காறை எலும்பு முறிவு, முழங்காலில் ஏழு தையல். ஆள் பிழைத்துவிட்டார். இன்னும் நான்கடி தள்ளி விழுந்திருந்தால் நட்டு வைத்திருக்கும் கம்பிகள் மேல் விழுந்திருப்பார். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். நான்கு மணல் மூட்டை, இரண்டு சவுக்குக் கம்பு, இடையில் ஒரு சிவப்பு வெள்ளை ரிப்பன். புழுதி படிந்து படிந்து அந்த ரிப்பன் செம்மண் நிறத்துக்கே வந்துவிட்டது. பலகை இல்லையா என்றால், இருக்கிறது. 'பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும்.' பள்ளத்துக்குப் பக்கத்திலேயே புளியமரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். படிக்கிற தூரத்துக்கு வந்தவன் படித்து முடிப்பதற்குள் உள்ளே கிடப்பான்.

ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், 'கொஞ்சம் பார்த்து வந்திருக்கக் கூடாதா?' நான் கேட்க வந்தது வேறு. அந்த இடத்தில் என்ன இருந்திருக்க வேண்டும்? அதற்கென்று விதி ஏதாவது உண்டா, இல்லை காண்ட்ராக்டர் மனசு வைத்தால்தானா?

ஸ்ப்ளெண்டர் 2009 | திங்கள், இரவு 10.12

வருத்தமாக இருக்கிறது சகோ, சீக்கிரம் குணமாகட்டும். ஆனால் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று வாரமாக உடைந்து கிடக்கும் பாலம், தினமும் போய்வருகிறவருக்குத் தெரியாதா? எதிரே ஹை பீம் அடித்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். நம் ஆட்கள் எந்தப் பலகை வைத்தாலும் ஆக்ஸிலேட்டரில் இருந்து கையை எடுக்க மாட்டார்கள்.

வெள்ளாற்றங்கரை | திங்கள், இரவு 10.20

பாலம் உடைந்திருப்பது அவருக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் மூட்டைகளை நகர்த்தி இன்னும் பத்தடி உடைத்திருக்கிறார்கள். அதுதான் தெரியாது. காலையில் போகும்போது இருந்த ரோடு ராத்திரி திரும்பும்போது இல்லை.

பழைய ஓவர்சியர் | செவ்வாய், காலை 6.05

தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் கடைசி வரிதான் விஷயமே. சாலை வேலையில் 31 வருடம் இருந்தவன் சொல்கிறேன். வேலை நடக்கும் இடத்தில் நிரந்தர ஆபத்து என்று ஒன்று கிடையாது. சாலை தினம் தினம் மாறுகிறது, ஓட்டுகிறவன் நேற்றைய சாலையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறான். வேலை செய்கிறவர்களுக்கு அந்த நினைப்பு இருக்க வேண்டும்.

விதி இருக்கிறது. சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கென்றே தனிப் புத்தகம் போட்டிருக்கிறது, எஸ்.பி. 55 என்று பெயர். 2001இல் வந்தது, 2014இல் திருத்தினார்கள். அதன்படி வேலை நடக்கும் இடம் என்பது பள்ளம் மட்டும் இல்லை, நான்கு துண்டு. முதலில் எச்சரிக்கிற துண்டு. அப்புறம் வண்டிகளை மெல்ல ஒரு பக்கமாக ஒதுக்குகிற துண்டு. மூன்றாவதுதான் வேலை நடக்கிற இடம். கடைசியில் வண்டிகள் பழைய பாதைக்குத் திரும்புகிற துண்டு. உங்கள் ஊரில் மூன்றாவது துண்டு மட்டும்தான் இருந்திருக்கிறது.

வண்டிகள் 50 கி.மீ. வேகத்தில் வரும் சாலை என்றால் முதல் துண்டுக்கு 100 மீட்டர், ஒதுக்குவதற்கு 50 மீட்டர். 50க்கு மேல் 80 வரை என்றால் 100 முதல் 300 மீட்டர், ஒதுக்க 50 முதல் 100. நூறைத் தாண்டுகிற நெடுஞ்சாலை என்றால் ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே சொல்லத் தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கை யாரும் சும்மா எழுதி வைக்கவில்லை. 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கில் போக இரண்டரை விநாடி என்று வைக்கிறோம். அதற்குள்ளேயே 42 மீட்டர் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பிரேக்கே பிடிக்கிறது. மொத்தமாக நிற்க 80 மீட்டர் வேண்டும், அதுவும் நல்ல தார்ச்சாலையில். ஜல்லி சிதறிக் கிடந்தால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். பள்ளத்துக்குப் பக்கத்தில் பலகை வைப்பது, சுவரில் முட்டிய பிறகு 'சுவர் இருக்கு' என்று சொல்வது மாதிரி.

இன்னொன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கட்டுமான விவரக்குறிப்பில் 112ஆவது பிரிவு முழுக்க இதுதான். தடுப்புகளின் மேல் சிவப்பு விளக்கு மாட்டி, பொழுது சாய்ந்ததில் இருந்து விடிகிற வரை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பச்சையாக எழுதியிருக்கிறது. ஒரு பாதியை அடைத்து மறு பாதியில் வண்டி விடுகிற வேலை என்றால் ஒரே இடத்தில் பொதுவாக 500 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்றும் இருக்கிறது. நம் ஊரில் மூன்று கிலோமீட்டருக்கு ஒரேயடியாகக் கொத்திப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஸ்ப்ளெண்டர் 2009 | செவ்வாய், காலை 8.30

ஐயா, தெரியாமல் பேசிவிட்டேன். எங்கள் ஊரில் இதற்கு வேறு முறை. பள்ளத்தில் ஒரு வேப்பங்கொப்பை நட்டு வைப்போம். சத்தியமாக அது ரிப்பனைவிட நன்றாகத் தெரியும்.

சைட்டில் ஒருவன் | செவ்வாய், மதியம் 1.40

ஊர், பெயர் எதுவும் வேண்டாம். நான் அந்தப் பக்கத்து ஆள், ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். ஓவர்சியர் ஐயா சொன்ன 112ஆவது பிரிவை நானும் படித்திருக்கிறேன். அவர் சொல்லாமல் விட்ட வரி ஒன்று அதில் இருக்கிறது. மாற்றுப்பாதை போட்டால் மீட்டர் கணக்கில் அளந்து பில் போடலாம். மற்ற போக்குவரத்து ஏற்பாடெல்லாம் வேலையோடு சேர்ந்தது, காண்ட்ராக்டர் பொறுப்பு, தனியாகப் பணம் இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். ஜல்லிக்குக் கன மீட்டருக்கு இவ்வளவு, தார்க்கலவைக்கு இவ்வளவு என்று பில் போட்டுக் காசு வாங்கலாம். எரிந்த விளக்குக்கு யாரும் பில் தர மாட்டார்கள். டெண்டரில் விலையைக் குறைத்துப் போட்டு வேலையை எடுத்தவன் முதலில் எதை வெட்டுவான்? அளவு புத்தகத்தில் வராததை வெட்டுவான். வெளிநாட்டுக் கடனில் நடக்கிற பெரிய வேலைகளில் கெடுபிடி உண்டு, போட்டோ கேட்பார்கள், சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். சின்னச் சாலைகளில் பெரிய அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் கோன்கள் வரிசையில் நிற்கும்.

நியாயம் பேசவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். போன சைட்டில் 40 கோன் வாங்கி வைத்தேன். ஒரு மாதத்தில் எண்ணினால் 26. பிளிங்கர் விளக்கின் பேட்டரி மூன்று நாள் தாங்கினால் அதிசயம். வாட்ச்மேன் ஒருவர் இருப்பார், அறுபதைத் தாண்டியவர், பன்னிரண்டு மணி நேர டூட்டி. அவரை வைத்திருப்பது டீசலுக்கும் கம்பிக்கும் காவலாக. ரோட்டில் வருகிறவனுக்குக் காவலாக இல்லை.

ஸ்ப்ளெண்டர் 2009 | செவ்வாய், மதியம் 2.05

கோன் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் வாசலில் யாரும் வண்டி நிறுத்தாமல் இருக்க ஆரஞ்சு கோன் வைத்திருக்கும் வீடு மட்டும் மூன்று.

வெள்ளாற்றங்கரை | செவ்வாய், மதியம் 2.30

சைட்காரரே, உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் 14 கோன் திருடு போனதற்கும் மீதி 26 கோனை வைக்காததற்கும் என்ன சம்பந்தம்? இங்கே ஒன்றுகூட இல்லை.

சைட்டில் ஒருவன் | செவ்வாய், மதியம் 2.41

சம்பந்தம் இல்லைதான்.

வளசரவாக்கம் பயணி | செவ்வாய், மாலை 7.15

எல்லோரும் வண்டி ஓட்டுகிறவர்கள் கணக்கிலேயே பேசுகிறீர்கள். நான் நடக்கிறவள். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை தொடங்கியதில் இருந்து தினம் அதன் ஓரமாகத்தான் பஸ் பிடிக்கப் போகிறேன். இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கி.மீ., சென்னையில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும்.

வெள்ளாற்றங்கரை சொல்கிற சாலையோடு ஒப்பிட்டால் இங்கே சொர்க்கம்தான். ஆள் உயரத் தகரத் தடுப்பு, விளக்கு, விசிலும் கொடியுமாக மார்ஷல்கள், திருப்பிவிடுவதற்கு முன்னால் சோதனை ஓட்டம், செய்தித்தாளில் அறிவிப்பு, எல்லாம் உண்டு. ஆனால் தடுப்பைப் போடும்போது முதலில் காணாமல் போவது நடைபாதை. கார் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அம்புக்குறி இருக்கிறது. நான் எந்த வழியாகப் போவது? தகரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இரண்டடி. அதில் நான், என் பெண், அவள் ஸ்கூல் பை. எதிரில் ராங் சைடில் ஒரு ஸ்கூட்டர்.

பஸ் ஸ்டாப்பை நகர்த்துவார்கள். நகர்த்தின இடம் கண்டக்டருக்குத் தெரியும், காத்திருக்கிறவர்களுக்குத் தெரியாது. பஸ் முப்பது மீட்டர் தள்ளி நிற்கும், கூட்டம் மொத்தமும் நடுரோட்டில் ஓடும். பழைய நிறுத்தத்தில் ஒரு காகிதம் ஒட்டினால் முடிகிற விஷயம் இது.

மழை வந்தால் இன்னொன்று. பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடு எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். தூண் குழி தோண்டும்போது வெளியே வரும் அந்தச் சாம்பல் நிறச் சேறு, பெண்டோனைட் என்ற களிமண் கலந்தது என்கிறார்கள், லாரி டயரோடு சாலைக்கு வந்தால் இருசக்கர வண்டி வரிசையாகச் சரியும். வெளியே போகும் லாரியின் சக்கரத்தைக் கழுவிவிடுகிற இடமும் உண்டு. அங்கே தண்ணீர் பீய்ச்சும் பையன் இல்லாத நாளில் எனக்கு இந்தப் பக்கம் நடக்கவே பயம்.

தலைக்கு மேலே நடக்கிற வேலையை வேறு சொல்ல வேண்டும். 2025 ஜூனில் ராமாபுரம் பக்கம் மெட்ரோ உத்திரங்கள் சரிந்து கீழே பைக்கில் போனவர் இறந்துபோனார். 2022 அக்டோபரில் மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து ஒரு செய்தியாளர் இறந்தார். இரண்டுமே இரவில்.

பதினாறு சக்கரம் | செவ்வாய், இரவு 11.30

நான் லாரி டிரைவர். ஹை பீம் போட்ட லாரியைத் திட்டுகிறீர்கள், நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள்.

பாதிப் பேர் ஹை பீம் போடுவதே இந்த மாதிரி இடங்களில் எது ரோடு எது பள்ளம் என்று தெரியாததால். கறுப்பு ரோடு, கறுப்புப் பள்ளம், ஓரத்தில் வெள்ளைக் கோடு கிடையாது. சுண்ணாம்பு அடித்த கல்லை வரிசையாக வைத்திருந்தால்கூடப் போதும், டிம்மில் போய்விடுவேன். சில இடத்தில் சுண்ணாம்பு அடிக்காத கருங்கல்லையே தடுப்பாக வைத்திருப்பார்கள். அது பள்ளத்தைவிட மோசம்.

இரவில் வேலை நடக்கிற இடத்தில் பெரிய ஃபோகஸ் லைட் கட்டுவார்களே, அதை வருகிற வண்டியைப் பார்த்துத் திருப்பி வைப்பது யார் மூளை? வேலை செய்கிறவன் கண்ணுக்கு வெளிச்சம், எனக்கு இருட்டு. முப்பது டன் ஏற்றின வண்டி நினைத்த இடத்தில் நிற்காது, ஐயா சொன்ன எண்பது மீட்டரெல்லாம் காருக்குத்தான்.

அப்புறம் பலகை. வேலை முடிந்து ஆறு மாதம் ஆகியும் '30 கி.மீ. வேகம்' என்று நிற்கும். பத்து இடத்தில் அப்படிப் பார்த்தவன் பதினோராவது இடத்தில் நம்புவானா? அந்தப் பதினோராவது இடத்தில்தான் நிஜமாகவே பள்ளம் இருக்கும்.

பழைய ஓவர்சியர் | புதன், காலை 5.50

லாரித் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. வேலை நடக்காத நேரத்தில் பலகையை எடுக்க வேண்டும், முடியாவிட்டால் சாக்கு போட்டாவது மூட வேண்டும். பொய் சொல்கிற பலகை மற்ற பலகைகளின் பேச்சையும் கெடுத்துவிடும்.

பழைய கதை ஒன்று. செல்போன் இல்லாத காலம். ஒரு பாலத்தில் பாதியை அடைத்து வேலை. இரண்டு முனையிலும் கொடிக்காரர்கள், வளைவு இருப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. என்ன செய்வது? ஒரு முழ நீளத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்த கட்டை. இந்தப் பக்கம் விடுகிற வண்டிகளில் கடைசி வண்டிக்காரரிடம் அதைக் கொடுத்துவிடுவோம். அந்தப் பக்கத்துக் கொடிக்காரர் கட்டையை வாங்கிய பிறகுதான் தன் பக்கத்து வண்டிகளை விடுவார். கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம்தான் திறந்திருக்கும். ரயிலில் டோக்கன் கொடுப்பார்களே, அதே யோசனைதான்.

ஒரு நாள் ஒரு பஸ் டிரைவர் கட்டையைக் கொடுக்க மறந்து டவுன் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். இரண்டு பக்கமும் முக்கால் மணி நேரம் வண்டி நின்றது. திட்டு வாங்காத ஆள் இல்லை. ஆனால் ஒரு வண்டிகூட முட்டிக்கொள்ளவில்லை, கட்டை வராமல் விடக் கூடாது என்பதில் கொடிக்காரர் அவ்வளவு உறுதி. இப்போது ஆளுக்கொரு போன் இருக்கிறது, இரண்டு பக்கத்தில் இருந்தும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டு நடுப்பாலத்தில் பஞ்சாயத்து நடக்கிறது.

சிங்கை இரவுப்பணி | புதன், காலை 9.20

சிங்கப்பூரில் சாலை வேலையில் எட்டு வருடம். இங்கே விதி கடுமை, அபராதம் கடுமை, அதைச் சொல்லி வெறுப்பேற்ற வரவில்லை. எனக்கு முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்த ஒரு விஷயம் மட்டும், காசே செலவாகாத விஷயம் என்பதால் சொல்கிறேன்.

கோனை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது. வண்டி வருகிற பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும். முதலில் தூரத்துப் பலகை, அடுத்தது கிட்டத்துப் பலகை, அப்புறம் சரிவாகக் கோன் வரிசை, கடைசியில்தான் வேலை இடம். எடுக்கும்போது தலைகீழ், கடைசியில் வைத்ததை முதலில் எடுத்து, தூரத்துப் பலகையைக் கடைசியாக எடுக்க வேண்டும். அப்போதுதான் வேலையாள் எப்போதும் ஏதாவது ஒரு எச்சரிக்கைக்குப் பின்னால் நிற்பான். ஊருக்கு வந்தபோது பார்த்தேன், முதலில் நடுரோட்டில் இறங்கிப் பள்ளம் தோண்டுகிறார்கள், மண் குவிந்த பிறகு அதன் மேல் ஒரு கொடி.

கோன் வரிசை சரிவாக என்பதையும் கவனியுங்கள். ஒரு தடத்தை அடைக்கும்போது குறுக்கே நேராக வைத்தால் அது சுவர். சரிவாக நீட்டி வைத்தால் வண்டி தானாக ஒதுங்கும்.

பைக்காரர்களுக்கு ஒன்று. சுரண்டி விட்ட சாலையில் புது அடுக்குக்கும் பழைய அடுக்குக்கும் நடுவில் இரண்டு மூன்று அங்குலப் படி இருக்கும். அதை ஓரமாக உரசியபடி ஏற நினைத்தால் முன்சக்கரம் படியோடு ஒட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிவிடும். வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் அகலமாகத் திருப்பி ஏறுங்கள்.

கறுப்புக் கோட்டு | புதன், இரவு 8.10

சட்டம் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றின் தரத்தைப் பின்பற்றாமல் விட்டு, அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகார அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஆலோசகருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பணம் அடிபட்டவர் கைக்கு நேராக வராது, அரசு நிதிக்குப் போகும். இழப்பீட்டுக்குத் தனியாகத்தான் போராட வேண்டும். உங்கள் மச்சானுக்கு எலும்பு கூடிவிடும் என்றால் இந்தப் பிரிவு எட்டிக்கூடப் பார்க்காது. யாராவது செத்தால், இல்லை ஊனமானால்தான் கண் விழிக்கிற பிரிவு.

நடைமுறையில் வேறொரு சிக்கல். இப்படித் தனியாக விழுந்த வழக்குகளில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்ற வரி பழக்கதோஷத்தில் புகாரில் ஏறிவிடும். அது ஏறிவிட்டால் சாலையின் குற்றம் மறைந்துவிடும். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்கச் சொல்லுங்கள். பகலில் எடுத்த போட்டோ போதாது. விழுந்த அதே நேரத்துக்கு, அதே திசையில் இருந்து, பைக் விளக்கு வெளிச்சத்தில் எடுங்கள். டேப் பிடித்துத் தூரம் தெரிகிற மாதிரி எடுங்கள். மாநிலச் சாலை என்றால் 'நம்ம சாலை' செயலியில் போடலாம், தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, சென்னை மாநகராட்சிக்கு 1913. எழுத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். அடுத்து யாராவது அங்கே விழுந்தால் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

சைட்டில் ஒருவன் | புதன், இரவு 9.00

மனுவோடு அந்த இரவு போட்டோவையும் வையுங்கள். எங்கள் ஆபீசில் வெறும் மனு ஃபைலில் தூங்கும். போட்டோ வந்தால் முதலாளி போனில் கத்துவார்.

வெள்ளாற்றங்கரை | ஞாயிறு, காலை 10.40

எல்லோருக்கும் நன்றி. என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

வியாழன் இரவு ஒன்பதரைக்குப் போய் போட்டோ எடுத்தேன். பலகைக்கும் பள்ளத்துக்கும் நான்கு மீட்டர். மனுவையும் படத்தையும் வெள்ளிக்கிழமை காலையில் கொடுத்தேன். நேற்றுச் சாயங்காலம் போனால் பன்னிரண்டு பீப்பாய் நிற்கிறது, வெள்ளை அடித்து, ஒளிரும் பட்டை ஒட்டி. சரிவாகவே வைத்திருக்கிறார்கள், சிங்கைக்காரர் சொன்ன மாதிரி. ஒரு பிளிங்கர். இரண்டு பக்கமும் பலகை. டவுன் பக்கத்துப் பலகையை நடந்து அளந்தேன், 110 காலடி வைத்தேன், எண்பது மீட்டர் இருக்கும். ஓவர்சியர் ஐயா கணக்குக்கு இன்னும் இருபது குறைவு. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பலகை தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் புளியங்கிளை மறைக்கிறது.

கிளையை வெட்டலாமா என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். 'கெளையத் தொட்டா கேஸாயிடும், பலகையத் தூக்குங்க' என்றார். இரண்டு பேருமாகப் பதினைந்து அடி முன்னால் தூக்கி வைத்தோம். அடியில் இரண்டு மூட்டை மணல், காற்றில் சாயாமல் இருக்க.

பிளிங்கர் பேட்டரியைத் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே மாட்டுகிறார், விடிந்ததும் கழற்றிக் கொட்டகைக்குள் வைத்துக்கொள்கிறார். யாரும் சொல்லவில்லையாம், வெளியே விட்டால் பேட்டரி இருக்காது என்று தெரியும் என்கிறார். மச்சானுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அன்றைக்குச் சத்தம் கேட்டு ஓடிவந்து பள்ளத்தில் இறங்கித் தூக்கியது அவர்தானாம். மச்சானுக்கு அது நினைவே இல்லை.

கட்டு அவிழ்த்ததும் ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பகலில்.